எலவனாசூர்கோட்டை ஒண்ணு!

சென்னையிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எலவனாசூர்கோட்டையையும் பார்த்திருக்க வேண்டும். தூங்கிவிட்டிருப்பீர்கள், அவ்வளவுதான்!

உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டு வண்டி வலது பக்கம் திரும்புமே, அந்தத் திருப்பத்தில் ஜன்னல் கம்பியில் தலை இடித்து ஒரு முறை கண் விழிப்பீர்கள். 'இன்னும் ரொம்ப நேரம் இருக்கு' என்று பக்கத்து சீட்டுக்காரர் தோளில் மறுபடி சாய்வீர்கள். அடுத்து விழிப்பது கள்ளக்குறிச்சியில். நடுவில் நீங்கள் கோட்டை விட்ட கோட்டைதான் எலவனாசூர்கோட்டை.

ஒன்பது எழுத்து. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், பாதியில் கொட்டாவி வரும். நான் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர் அந்தக் கஷ்டமே படவில்லை. "கோட்டையா? எத்தினி?" என்றார்.

"ஒண்ணு."

"ஒண்ணா?" என்று என் பக்கத்து சீட்டை, பின் சீட்டை எல்லாம் பார்த்தார். குடும்பம் எங்கேயோ சிதறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ!

'ஒண்ணு' என்ற இந்தச் சொல்லுக்கு நம் தேசத்தில் எத்தனை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோவா கன்ஃபர்ம்!

என் வயது, சம்பளம் போன்ற ராணுவ ரகசியங்களை விட்டுவிடுவோம். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழலும் நாற்காலி, சுழலாத ஒரு மானேஜர் – இவ்வளவுதான் என் ஜாதகம்.

காலேஜில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் சேர்ந்து கோவா போவதாகத் திட்டம். ஒருவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று முதல் வருஷம் தள்ளிப்போட்டோம். கிடைத்தவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அடுத்த வருஷம். அப்புறம் ஒவ்வொருவனாகக் கல்யாணம். 'கோவா கன்ஃபர்ம்' என்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதில் இப்போது குழந்தைகளின் பிறந்தநாள் கேக் படங்களும், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களும் வருகின்றன. கோவா மட்டும் வரவில்லை.

ஆறு பேர் சேரும்வரை காத்திருந்தால் கோவாவுக்குப் போக முடியாது, காசிக்குத்தான் போக முடியும் என்று ஒருநாள் தெரிந்தது. அன்றிலிருந்து நான் தனி ஆள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. ஒரு தோள் பை. ஒரே ஒரு நிபந்தனை: போகிற ஊருக்கு 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற போர்டு இருக்கக்கூடாது. போர்டு இருந்தால் கூட்டம் இருக்கும். கூட்டம் இருந்தால் ஜோடிகள் இருப்பார்கள். "சார், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று நம் கையில் போனைக் கொடுப்பார்கள். மாமல்லபுரத்தில் ஒரே நாளில் பதினேழு ஜோடிகளைப் படம் எடுத்தவன் நான். என்னை யாரும் எடுக்கவில்லை.

வெளியூர் போனாலும் கூடவே வருகிற என் பழக்கவழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தேமுக்காலுக்குக் காபி; டிகாக்ஷன் தூக்கலாக, சர்க்கரை கம்மியாக. அதன் பிறகு பேப்பர். அதன் பிறகு... (விடுங்கள், உங்களுக்கும் வீடு இருக்கிறது!). இந்த வரிசை மாறினால் அன்றைய தினம் முழுவதும் எனக்கு நஷ்டக் கணக்கு. காலை டிபன் நாலு இட்லி. மூன்று என்றால் பதினோரு மணிக்குப் பசி, ஐந்து என்றால் பதினோரு மணிக்குத் தூக்கம். கத்திரிக்காய்க்கும் எனக்கும் ஜன்மப் பகை. ராத்திரி படுக்கும் முன் ஒரு தம்ளர் சூடான பால். மற்றபடி நான் எதற்கும் அடிமை இல்லை!

பத்து நிமிஷம் நிக்கும்

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. அதிகாலை கிளாம்பாக்கம். 2023 டிசம்பரில் இந்த பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தெற்கே போகிற பஸ்கள் இங்கேயிருந்துதான். சென்னையின் வடக்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கிளாம்பாக்கம் வருவதே பாதி டூர். மீதி டூருக்குத்தான் பஸ்.

வழியில் ஒரு மோட்டல். பெயர் வேண்டாம், பெயரா முக்கியம்! பஸ் பாட்டு சத்தத்துக்கு நடுவில் போய் நிற்கிறது. "பத்து நிமிஷம் நிக்கும்" என்று சொல்லிவிட்டு டிரைவரும் கண்டக்டரும் தனிக் கதவு வழியாக மறைகிறார்கள். நமக்குப் பொதுக் கதவு. இட்லி கேட்டேன். வந்தது. ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்தேன். கதவு தட்டுகிற சத்தம். சட்னியில் தேங்காய் இருக்கிறதா என்று தேடியதில் எட்டு நிமிஷம் போய்விட்டது. காபியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வெந்நீருக்கு மாறுவேடம் போட்டிருந்தார்கள், அவ்வளவே.

ஒன்பதரை மணி சுமாருக்கு எலவனாசூர்கோட்டையில் இறங்கினேன். உங்களுக்கு ஒரு தகவல்: உளுந்தூர்பேட்டை–சேலம் ரோடு (பழைய நம்பர் 68, புது நம்பர் 79) நாலுவழிச் சாலை ஆனபோது வழியிலிருக்கிற ஊர்களுக்கெல்லாம் பைபாஸ் போட்டுவிட்டார்கள். அவசரக்கார வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே பறந்துவிடும். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள்.

இறங்கியதும் முதல் காரியம் டீக்கடை. பித்தளை பாய்லர் இல்லை, காஸ் அடுப்புதான். ஆனால் மாஸ்டர் டீயை ஒரு முழம் தூக்கி ஆற்றியதில் எனக்குப் பாதி களைப்புப் போனது. காபிக்காரன் நான், டீ குடித்தேன். வரிசை மாறியது. பூமி பிளக்கவில்லை.

"இங்க கோட்டை எங்கண்ணே இருக்கு?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"இப்ப நீங்க நிக்கிறது எது?"

"டீக்கடை."

"டீக்கடை எங்க இருக்கு?"

"எலவனாசூர்கோட்டையில."

"அப்ப கோட்டையிலதான நிக்கிறீங்க!" என்று அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். மதுரை வக்கீல்கள் இவரிடம் பாடம் கேட்கலாம்.

கோட்டை சும்மா பேருக்கு வந்ததல்ல. 1750-களில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நம் ஊர்களில் வந்து நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்களே, அந்தக் கர்நாடக யுத்தக் கதைகளில் இந்தக் கோட்டையின் பெயரும் வருகிறது. இப்போது சண்டை எல்லாம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத்தான்.

இன்னொரு விசேஷம். இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். 1993 வரை தென்னாற்காடு. பிறகு விழுப்புரம். 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. நான் மாதாமாதம் பஸ் பிடித்து அலைகிறேன்; இவர்களுக்கு மாவட்டமே வந்து மாறிக்கொள்கிறது!

பாதி ஊர் சாமிக்கு

ஊருக்குள் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. கருங்கல் சுவர் முழுக்க எழுத்துகள். சோழர் காலக் கல்வெட்டுகள். நின்று படிக்கலாம் என்று முயன்றேன். நம் தமிழேதான், ஆனால் ஆறாம் கிளாஸ் டாக்டர் பையன் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி இருந்தது. நமக்கு ஒரு 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும்தான் பிடிபட்டது.

சாமியின் பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கிராமார்த்தநாதேஸ்வரர். பிரித்தால் கிராமம்–அர்த்தம்–நாதர். அர்த்தம் என்றால் பாதி. பாதி கிராமத்துக்கு நாதர். இது சமஸ்கிருதம். கல்வெட்டில் இதைவிட அழகாக இருக்கிறது: 'ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர்'. ஊரில் ஒரு பாகத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு அருளியவர். ஊரின் பழைய பெயரும் 'இறையானரையூர்' என்று கல்வெட்டுகளில் வருகிறது. இறையான்–அரை–ஊர் என்றும் காதில் விழுகிறதல்லவா?

கடவுள் நினைத்தால் முழு ஊரையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்பார் யார்? ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார். 'மீதிப் பாதியில் நீங்க இருங்கப்பா, பக்கத்துல நான் இருக்கேன்' என்கிற பார்ட்னர்ஷிப். நகரத்தில் ஒரு ரூமை நாலு பேர் பங்கு போட்டு இருந்தவன் நான். எனக்கு இந்த சாமியை உடனே பிடித்துவிட்டது.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கேட்டேவிட்டார்.

"சார் ஃபைனான்ஸா?"

புரியவில்லை.

"இல்ல... டியூ கட்டாத வண்டியைத் தூக்க வருவாங்க. தனியாத்தான் வருவாங்க."

இல்லை என்றேன். "அப்ப ரியல் எஸ்டேட்டா?" அதுவும் இல்லை என்றேன். "சும்மா ஊர் பாக்க வந்தேங்க."

அவர் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை; இன்னும் கெட்டியானது. நம் ஊரில் ஒருவன் கல்யாணத்துக்குப் போகலாம், கருமாதிக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். 'சும்மா' போகக்கூடாது. அதுவும் தனியாக! 'சும்மா' என்று சொல்லிப் பாருங்கள்; எதிராளி உங்களைப் போலீஸ் என்றோ, போலீஸ் தேடுகிற ஆள் என்றோ முடிவு கட்டிவிடுவார்.

எதிர் சீட்டுப் பெரியவர்

மத்தியானம் பன்னிரண்டரை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். நாலே டேபிள். மூலையில் காலியாக இருந்த ஒன்றில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான்: சுவர், இல்லாவிட்டால் செல்போன்.

"தம்பி, அப்படித் தள்ளி உக்காருங்க. அது ஐயா எடம்" என்றார் பரிமாறுகிற அக்கா.

'ஐயா' வந்தார். எழுபது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. எனக்கு எதிரே வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தபடியே ஆரம்பித்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸுங்க."

"இங்க யாரு ஊட்டுக்கு வந்த?"

"யாரு வீட்டுக்கும் இல்லீங்க. ஊர் பாக்க வந்தேன்."

"பொண்ணு பாக்கவா?"

"ஊருங்க... ஊரு!"

"தனியாவா?"

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. "ம்" என்றார். சாம்பார் வந்தது. கத்திரிக்காய்! நான் ஒவ்வொன்றாக இலை ஓரத்துக்கு நாடு கடத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புடிக்காதா?"

"சின்ன வயசுலேர்ந்தே ஆகாதுங்க."

"எங்களுக்கெல்லாம் புடிக்கும் புடிக்காதுன்னு ஒண்ணு இருக்கறதே ரொம்ப நாளு தெரியாது தம்பி. காலையில கூழு. மத்தியானம் சோறு. ராத்திரி மிஞ்சினது. இட்லின்னா தீவாளிக்குத்தான். ஆட்டுக்கல்லுல ஆட்டி எடுக்கிறதுக்குள்ள எங்க ஆத்தாளுக்குக் கை வுட்டுப் போயிடும். ஒரு ஆளுக்கு மூணு. நாலாவது கேட்டா அடி."

எனக்கு என் நாலு இட்லி ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

கரும்பு, மரவள்ளி, மல்லாட்டை எல்லாம் போட்டவர். (இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மெட்ராஸில் கேட்டால் மல்லாந்து படுப்பதா என்பார்கள்.) கரும்பு கோஆபரேடிவ் ஆலைக்குப் போகும். மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். நீங்களும் நானும் கல்யாணத்தில் இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிற பாயசத்தில் மிதக்கிற முத்தெல்லாம் இந்த ரோட்டோரத்து மண்ணில் முளைத்ததாகக்கூட இருக்கலாம். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, மாவு படியவைத்து, உருட்டி, வறுத்து... பெரியவர் சொல்லச் சொல்ல, ரசம் ஆறியதே தெரியவில்லை.

"இப்ப யாரு பாத்துக்கறாங்க நெலத்தை?"

"குத்தகைக்கு வுட்டாச்சு. பையன் திருப்பூர்ல இருக்கான். ஊட்டுக்காரி போயி மூணு வருசம்."

அக்கா மோர் ஊற்றிவிட்டுப் போனார்.

"மருமவ நல்ல பொண்ணு. காஸ் அடுப்பு, குக்கரு எல்லாம் வாங்கி வெச்சிட்டுப் போச்சு. எனக்கு ஆக்கத் தெரியும் தம்பி. ஆக்கத் தெரியாம இல்ல. ஒத்தையில ஒக்காந்து திங்கத்தான் தெரியல. வாயில வெச்சா எறங்க மாட்டேங்குது. அதான் இங்க வந்துடறது. யாராச்சும் எதுக்கால ஒக்காருவாங்கல்ல?"

அவர் ஏன் வாசலைப் பார்த்து உட்காருகிறார் என்று அப்போது விளங்கியது.

நான் பஸ் டிக்கெட், லீவு, பணம் எல்லாம் செலவழித்து ஒண்டியாக இருக்க இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். அவர் ஒண்டியாக இல்லாமலிருக்க தினமும் ஒரு சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கிறார். இரண்டு பேரும் ஒரே டேபிளில்.

"தனியா வர்றது தப்பில்ல" என்றார், நான் கேட்காமலே. "வயசுல நானும் பண்ருட்டி, கடலூர்னு மல்லாட்டை வண்டி மேல ஏறித் தனியாப் போயிருக்கேன். திரும்பிப் போனா 'எங்க போன, என்ன தின்ன'ன்னு கேக்க ஆளு இருக்கணும். அது இருக்கிறவரைக்கும் எங்க வேணா போ."

எழுந்திருக்கும்போது துண்டு முடிச்சை அவிழ்த்தார். வறுத்த மல்லாட்டை. எண்ணவில்லை, அளக்கவில்லை, கையால் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார். ஊர்பாகம் கொண்டருளியவரின் ஊர்க்காரர் இல்லையா!

"ஒருத்தர்னா... ஒருத்தர்தானா?"

சாயங்காலம் கள்ளக்குறிச்சிக்கு பஸ். முக்கால் மணி நேரம். வழியில் தியாகதுருகம் மலைக்கோட்டை. 1790-இல் திப்பு சுல்தான் பெரிய படையோடு வந்து முட்டிப் பார்த்தும் விழாத கோட்டை. உள்ளே இருந்தவர் ஃபிளின்ட் என்ற கும்பெனி கேப்டன். அதற்குப் பத்து வருஷம் முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலிக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் இவரேதான். உள்ளே விடவே மாட்டேன் என்பதில் அந்தக் கேப்டனை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்தேன், அன்று இரவு ஒரு லாட்ஜ் மானேஜரைச் சந்திக்கும்வரை.

"ரூம் வேணுங்க."

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்னா... ஒருத்தர்தானா?"

"ஆமாங்க."

"ஃபுல் சார்."

அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் சாவிகளைப் பார்த்தேன். அவரும் திரும்பிச் சாவிகளைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தனியாகச் சுற்றுகிற வாலிபர்களுக்கெல்லாம் இந்த அனுபவம் இருக்கும். பல ஊர்களில், முக்கியமாகக் கோயில் ஊர்களில், ஒற்றை ஆளுக்கு ரூம் தர மாட்டார்கள். ஜோடியாகப் போனால் சர்ட்டிபிகேட் கேட்பார்கள்; தனியாகப் போனால் காரணம் கேட்பார்கள். ஆதார் கார்டைக் காட்டினால் நீ யார் என்று தெரியும். நீ ஏன் என்று தெரியாதே!

"தப்பா நினைக்காதீங்க சார்" என்று மானேஜரே குரலைத் தாழ்த்தினார். "தனியா வருவாங்க. கதவைத் தாப்பா போட்டுக்குவாங்க. காலையில தட்டினா தொறக்க மாட்டாங்க. அப்புறம் போலீஸு, கேஸு. அதெல்லாம்கூடப் போகட்டும் சார். கதவை ஒடைச்சு உள்ள போறவன் நான். எனக்கு ஒரு மாசம் தூக்கம் வராது."

கோபமாகப் பேசத் தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"வீட்டுல யாரையாச்சும் எங்கிட்ட பேசச் சொல்லுங்க. சாவி தர்றேன்."

அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் முடியும் என்று நினைத்தேன். பதினோரு நிமிஷம் ஆயிற்று. "சரிங்கம்மா... ஆமாங்கம்மா... இல்லீங்கம்மா, நல்லாத்தான் இருக்காரு... முகம் வாடலீங்கம்மா... கத்திரிக்காயா? சரிங்கம்மா... பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கீங்களா... எங்க பக்கமா? சொல்றேங்கம்மா..." என்று அவர் பேசப் பேச, ரிசப்ஷனில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாவி கிடைத்தது. ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ரூம் பையன், கையில் தம்ளர் தட்டால் மூடிய சூடான பால்.

"நான் கேக்கலையேப்பா?"

"மானேஜர் குடுக்கச் சொன்னாரு. இல்லாட்டி தூக்கம் வராதாமே உங்களுக்கு?"

காலையில் பில்லைப் பார்த்தேன். பாலுக்குக் காசு போடவில்லை. யாருக்கும் தெரியாத ஊருக்குத் தனியாகப் போகிறேன் என்று கிளம்பியவனின் லட்சணம் இதுதான்!

மலை மேல் ரேஷன் அரிசி

ஞாயிற்றுக்கிழமை காலை கல்வராயன் மலைக்கு பஸ். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலை ஆரம்பம். வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலையில் இறங்கினேன். மார்கழிக் குளிரில் பல்லெல்லாம் மிருதங்கம் வாசித்தது. வாயைத் திறந்தால் புகை.

மலைக்காரர்களை மலையாளிகள் என்கிறார்கள். 'ஆஹா, புட்டு கடலைக்கறி!' என்று நாக்கைத் தீட்டிக்கொள்ளாதீர்கள். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து என்றைக்கோ வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ். மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1976-இல்தான் ஜாகீர் போய் சர்க்கார் கைக்கு வந்தது.

சாமை, கடுக்காய், பலா, தேன் என்று மலையின் சரக்குகளைக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். சாமைச் சோறு சாப்பிட வேண்டும் என்பது திட்டம். ஒரு சின்னக் கடையில் போய், "சாமைச் சோறு கிடைக்குங்களா?" என்றேன்.

கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "இட்லி இருக்கு. புரோட்டா போடுவோம். சாமைக்கு எங்க போறது?"

"ஏம்மா, இங்கதானே வெளையுது?"

"வெளையுது. குத்திப் பொடைக்க யாரு இருக்கா? ரேஷன்ல அரிசி சும்மா குடுக்கறாங்க. புள்ளைங்க சாமைச் சோத்தை வேணாங்குது. டவுன்காரங்கதான் வந்து மூட்டையா வாங்கிட்டுப் போறாங்க."

யோசித்துப் பாருங்கள். ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம். மலைப் பிள்ளைக்கு அரிசிச் சோறுதான் ருசி. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. எங்கள் ஆபீஸில் சுகர் வந்த சூப்பிரண்டண்ட் சாமையை அரைக் கிலோ பாக்கெட்டில் வாங்கி, மருந்து மாதிரி முகம் சுளித்துச் சாப்பிடுகிறார். கோட்டைப் பெரியவருக்குத் தீபாவளிக்கு மட்டும் கிடைத்த இட்லி, எனக்கு எண்ணிக்கை தவறினால் கோபம் வருகிற இட்லி. 'எனக்குப் பிடிக்கும், பிடிக்காது' என்று நாம் அடம் பிடிப்பதெல்லாம் நாக்கு மட்டும் எடுத்த முடிவில்லை போலிருக்கிறது.

இட்லி சாப்பிட்டேன். அம்மா தட்டில் மூன்று வைத்துவிட்டு, "போதுமா?" என்றார். போதும் என்றேன். பதினோரு மணிக்குப் பசிக்கவும் செய்தது. பெரியவர் கொடுத்த மல்லாட்டை பையில் இருந்தது.

மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று மலையில் இடங்கள் இருக்கின்றன. அதெல்லாம் ஜோடிகளுக்கு. நான் பஸ் வரும்வரை ஒரு பாறையில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுத்துத் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பரம சுகம்.

தனி ஆளுக்குச் சில டிப்ஸ்

கிளம்புகிற உத்தேசம் உள்ளவர்களுக்கு: ஒன்று, 'சும்மா வந்தேன்' என்று சொல்லாதீர்கள். 'கோயில் கல்வெட்டு பார்க்க வந்தேன்' என்று சொல்லுங்கள். ஊரே கூட வந்து காட்டும். இரண்டு, போனில் சார்ஜ் இருக்கட்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். மூன்று, மலைக்குப் போனால் கீழே திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேளுங்கள். நான்கு, மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்காராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "எங்க போன? என்ன சாப்பிட்ட?" வழக்கமாக 'ப்ச், சாப்பிட்டேம்மா' என்பதோடு முடித்துவிடுவேன். அன்று உட்கார்ந்து, மோட்டல் இட்லியிலிருந்து மலை இட்லிவரை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீதி மல்லாட்டையை உடைத்துத் தின்று தீர்த்துவிட்டாள்.

"அடுத்து எங்கடா?"

"திருக்கோவிலூர். பெண்ணையாத்துக்கு நடுவுல கபிலர் குன்று இருக்கு. தனியாப் போயிட்டு வரலாம்னு..."

"போயேன், யாரு வேணாங்கறா? நீ தனியாப் போ. நானும் பக்கத்து சீட்டுல தனியா வர்றேன்."

டிக்கெட் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!